உடைய வேண்டிய குழாயும் குளச்சல் வள்ளமும்

திருவனந்தபுரத்தில் விமானத்தை விட்டு இறங்கி, என்னை அழைத்துப்போக வந்திருந்த காரில் ஏறியதும் நான் முதலில் தேடியது சீட் பெல்ட்டைத்தான். பெல்ட் இருந்தது. அதை மாட்டுகிற கொக்கியைக் காணோம். சீட்டுக்கு அழகாக உறை தைத்து, கொக்கியை அந்த உறைக்கு அடியில் புதைத்திருந்தார்கள். ஓட்டுநரிடம் சொன்னேன்.

"அது எறங்கும்போ எல்லாவருக்க துணியிலயும் மாட்டிக் கிழிச்சுப்போடும் சாரே. அதனால நாந்தான் மூடிப்போட்டேன். பேடிக்காதீங்க, நான் பையதான் ஓட்டுவேன்" என்றார்.

அவர் பைய ஓட்டவில்லை. களியக்காவிளை வரும்வரை நான் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, இது என் நெற்றியில் மோதினால் எந்த இடத்தில் மோதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். என்னோடு பயணம் செய்கிறவர்களுக்கு இது பெரிய தொல்லை. என் மனைவி என் பக்கத்தில் உட்காருவதை எப்போதோ விட்டுவிட்டாள்.

என் தொழில் அப்படி. விழுவதைப் பற்றி யோசிக்க எனக்குச் சம்பளம் தருகிறார்கள். பிறந்தது மதுரை, பிழைப்பு ஜெர்மனியின் தென்பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே எங்கள் நிறுவனம் மின்சாரத்தில் பறக்கும் வாடகை விமானம் செய்கிறது. ஓடுதளம் வேண்டாம், ஒரு கல்யாண மண்டபத்து மொட்டைமாடி போதும். நின்ற இடத்திலிருந்து எழும்பும், போய் நின்ற இடத்தில் இறங்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எழும்பும்போதோ இறங்கும்போதோ, ஒரு தென்னைமர உயரத்தில் ஏதாவது கோளாறு வந்தால் பாராசூட் விரிய உயரம் போதாது, இறக்கை தாங்க வேகமும் இருக்காது. கல்லைப்போல விழும். அந்த ஒரு நொடிக்காக வைத்திருக்கும் ஆள் நான்.

அந்த நொடிக்கு நாங்கள் வைத்திருக்கும் பதில், இருக்கைக்கு அடியில் நிற்கும் சில குழாய்கள். கார்பன் நூலும் கண்ணாடி நூலும் சேர்த்துச் சுற்றி, ரெசின் ஊற்றி இறுகவைத்தவை. கைக்கு அடக்கமானவை, தூக்கினால் கனமே தெரியாது. தரையில் மோதும்போது இவை நுனியிலிருந்து தொடங்கி, முறுக்கைக் கடிப்பதுபோல கொஞ்சம் கொஞ்சமாக நொறுங்கிக்கொண்டே வரவேண்டும். நொறுங்க நொறுங்க அடியின் வேகத்தை அவை வாங்கிக்கொள்ளும். குழாய் தூளாகும், மேலே இருப்பவரின் முதுகெலும்பு பிழைக்கும். குழாய் நொறுங்காமல் அடம்பிடித்து நின்று பிறகு ஒரேயடியாகப் பிளந்தால், மொத்த அடியும் நேராக முதுகுக்குப் போகும். அதன்பின் அந்த மனிதர் நடப்பது கடவுள் செயல்.

இந்தக் குழாய்கள் நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையிலிருந்து வருகின்றன. கடைசியாக வந்த கட்டிலிருந்து சிலவற்றை எடுத்து அழுத்திப் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக நொறுங்கின, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று கடைசிவரை விறைத்து நின்று, பிறகு வெடித்துச் சிதறியது. சிதறியதில் காரணமும் சேர்ந்து சிதறிப்போனது. அதே கட்டோடு வந்த குழாய்கள்தான் முதன்முதலாக ஆள் ஏறப்போகும் விமானத்திலும் பொருத்தப்பட்டிருந்தன.

ஏறப்போகிற ஆள் மார்த்தினா. எங்கள் சோதனை விமானி. என் வீட்டுக்கு வந்து ரசத்தைக் கோப்பையில் ஊற்றிக் குடிக்கிற அளவுக்குப் பழக்கம். நான் கிளம்பும்போது, "நீ போய்ப் பார். நீ சரி என்று சொன்னால் ஏறுகிறேன்" என்றாள். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் பெட்டியைத் திறந்து, பூதக்கண்ணாடி இருக்கிறதா என்று மறுபடி பார்த்துக்கொண்டேன்.

நாகர்கோவிலில் பட்டறை முதலாளி ஸ்டான்லி எனக்காகத் தன் வீட்டு வாசலிலேயே காத்திருந்தார். மார்த்தாண்டத்துக்காரர். வளைகுடாவில் நெடுநாள் பைபர் குழாய் சுற்றும் வேலை பார்த்துவிட்டு, அங்கே மலிவாகக் கிடைத்த பழைய இயந்திரத்தோடு ஊர் திரும்பியவர். கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனவர் குழாயைப் பற்றிப் பேசவே விடவில்லை.

"மொதல்ல சாப்பிடுங்கோ சாரே. வயிறு காலியா இருந்தா எல்லாம் குத்தமாத்தான் தெரியும்" என்றார்.

சிவப்புச் சம்பா அரிசிச் சோறு, தேங்காய் அரைத்த சாளை மீன் குழம்பு, உள்ளித் தீயல், தனியாக ஒரு தட்டில் அவித்த மரச்சீனிக் கிழங்கு. எங்கள் மதுரையில் மீன் குழம்பு என்றால் புளி முன்னால் வந்து நிற்கும். இங்கே தேங்காய் முன்னால் நிற்கிறது. சோற்றின் பருமனைப் பார்த்து முதலில் மலைத்தேன், பிறகு இரண்டாம் தடவை வாங்கினேன். எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த பட்டறை ஆட்கள் இருவர் பேசிக்கொண்டது தமிழ்தானா என்று ஒரு நிமிடம் காதைத் தீட்டவேண்டியிருந்தது. இத்தனை ஆண்டுகள் ஜெர்மன் மொழியோடு மல்லுக்கட்டியவன், சொந்த மாநிலத்தின் தென்கோடியில் வந்து திருதிருவென்று விழித்தேன்.

மறுநாள் பட்டறை. ஆவணி பிறந்தும் மழை விடவில்லை. தகரக் கூரையில் அது கொட்டிய சத்தத்தில் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. எனக்குச் சந்தேகம் முழுக்க அந்த ஈரத்தின்மேல்தான். காற்றில் ஈரம் கூடினால் ரெசினுக்குள் குமிழி தங்கும், குமிழி இருந்தால் குழாய் கண்டபடி உடையும். ஸ்டான்லியின் முகம் இதைக் கேட்டுச் சிறுத்துப்போனது. சுற்றும் அறைக்குள் ஈரத்தை இழுக்கும் இயந்திரங்கள் இரவுபகலாக ஓடுவதைக் காட்டினார். அறை எங்கள் ஊர் அறையைவிடச் சுத்தமாக இருந்தது. எனக்கு அது நிம்மதி தரவில்லை. காரணம் கிடைக்காத தவறு, கதவைச் சாத்திய வீட்டுக்குள் இருக்கும் பாம்பு.

சுற்றி முடித்த குழாய்கள் கடைசியாகப் போய்ச் சேரும் அறையில்தான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். நாற்பது தாண்டியவர், குளச்சல் கடற்கரைக்காரர். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, கையில் கிரைண்டரோடு நின்றார். குழாயை அளவுக்கு வெட்டி, நுனியைப் பென்சில் சீவுவதுபோலச் சுற்றிலும் சரிவாகச் சீவி, நுனி தெரிவதற்காக ஆரஞ்சு பெயிண்ட் அடிப்பது அவருடைய வேலை. அந்தச் சீவிய நுனிதான் குழாயின் உயிர். மெலிந்த அந்த இடத்தில்தான் நொறுங்கல் தொடங்கும். முன்பு இந்த வேலையைச் செய்தவர் கத்தாருக்குப் போய்விட, இந்தக் கட்டு முடியப்போகும் நேரத்தில் இவர் வந்து சேர்ந்திருந்தார். அதற்குமுன் கடற்கரையில் மீன்பிடிக்கப் போகும் பைபர் வள்ளம் கட்டும் இடத்தில் வேலை.

"ஒங்க படத்துல இருக்கிய சரிவு ஒரு நூலு மாறாது. அளந்து பாருங்கோ" என்று ஒரு குழாயை என் கையில் திணித்தார். அளந்தேன். மாறவில்லை. கொஞ்சம் முறைப்பாகவே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை முழுக்க நான் குழாய்களை அறுத்துக்கொண்டிருந்தேன். குமிழியைத் தேடுகிறவன் நடுவில் அறுப்பான். நானும் நடுவில் அறுத்தேன். குறுக்கே அறுத்துப் பார்த்தேன், நெடுக்கே அறுத்துப் பார்த்தேன், விளக்கடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மட்டி வாழைப்பழமும் கட்டன் சாயாவும் வந்துகொண்டே இருந்தன. ஸ்டான்லி ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவருகே நிற்பார். கடைசியில், "குறை எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. திங்கட்கிழமை இங்கேயே அழுத்திப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று நிறுவனத்துக்குச் செய்தி அனுப்பினேன்.

ஜெசிந்தா வேலை முடிந்து போகும்போது, "நாளைக்கு எனக்க தம்பிக்க புது வள்ளம் எறக்கியோம். காலம்பற பூசை முடிஞ்சதும் சாமியார் மந்திரிப்பாரு. வாங்கோ சாரே, இஞ்ச இருந்து எதைக் கண்டியளோ" என்றார். ஸ்டான்லிக்கும் ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கச் சபை. ஜெர்மனியில் ஞாயிறு அன்று புல் வெட்டினால்கூடப் பக்கத்து வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார். நாகர்கோவிலும் அந்த விஷயத்தில் சளைத்ததாகத் தெரியவில்லை. விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து விட்டத்தைப் பார்ப்பதற்குக் குளச்சல் மேல் என்று கிளம்பினேன்.

மினிபஸ்ஸில் கூட்டம். எல்லோரும் மாதா கோவிலுக்குப் போகிறவர்கள். வெள்ளைச் சட்டைகளுக்கும் மல்லிகைப்பூவுக்கும் நடுவில் ஒற்றைக் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். அந்தக் கம்பியும் ஒரு முனையில்தான் திருகப்பட்டிருந்தது. வழியில் ஒரு வளைவில் முறிந்து கிடந்த முருங்கைக் கிளை சக்கரத்தில் சிக்கி பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி அடியில் எட்டிப்பார்த்துவிட்டு, "மக்கா, ஆராவது ஒரு கத்தி கொண்டாங்கடே" என்று பொதுவாகக் கூவினார். பூசைக்குப் போகிற பஸ்ஸில் கத்தி ஏது? பக்கத்து வீட்டிலிருந்து வெட்டுக்கத்தி வந்தது. அந்த நேரத்தில் என் கைபேசி சிணுங்கியது.

நிறுவனத்தின் பொதுச் செய்திக் குழு. எங்கள் மேலாளர் வோல்ஃப்காங் எழுதியிருந்தார்: "காற்று அடங்கிவிட்டது. திடலில் இன்று வேறு விமானங்கள் இல்லை, பார்க்க விருந்தினர்களும் வருகிறார்கள். விடிந்ததும் மார்த்தினா ஏறுகிறாள். குழாய்களில் குறை இல்லை என்று இந்தியாவிலிருந்து அறிக்கை வந்துவிட்டது."

குறை இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? கண்டுபிடிக்க முடியவில்லை என்றல்லவா சொன்னேன்! உடனே பதில் தட்டினேன். அது போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. மழையில் அந்த வட்டாரத்துக்கே கரண்ட் போய்க் கிடந்தது, பேட்டரியில் ஓடிய கைபேசிக் கோபுரமும் அந்த நேரம் பார்த்துப் படுத்துவிட்டது. பேசவும் முடியவில்லை. எரிச்சலில் கைபேசியைத் தூக்கி ஆட்டினேன், அதனால் என்ன பலன்? அங்கே விடிய இன்னும் நேரம் இருக்கிறது, குளச்சல் பெரிய ஊர், அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் என்ன சொல்வது? குமிழி இல்லை, ஈரம் இல்லை, அளவு சரி. எதைக் காட்டி நிறுத்தச் சொல்வேன்?

குளச்சலிலும் கரண்ட் இல்லை, கோபுரமும் இல்லை. கடற்கரையில் பூசை முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நீலமும் வெள்ளையுமாகப் புது வள்ளம் மணலில் நின்றது, முகப்பில் பூமாலை. பாதிரியார் குடைக்கு அடியில் செபம் சொல்லி, முன்பக்கத்து அணியம் முதல் பின்பக்கம்வரை தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். எஞ்சின் வைக்கும் இடத்துக்கு இரண்டு தடவை தெளிக்கச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டார் ஜெசிந்தாவின் தம்பி. அவலும் பழமும் கொடுத்தார்கள். என் பங்கு அவலைப் பக்கத்தில் நின்ற பையனிடம் கொடுத்துவிட்டுக் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெசிந்தா என் கையைப் பிடித்து வள்ளத்தின் மேல்விளிம்பில் வைத்தார். "தடவிப் பாருங்கோ சாரே. எங்கயாவது தட்டுதா?"

எங்கேயும் தட்டவில்லை. விளிம்பு முழுக்க வழுவழுவென்று, வெட்டிய தடமே தெரியாமல் இருந்தது.

"எனக்க வேலையாக்கும்" என்றார். "பைபரை வெட்டினா, வெட்டின இடம் ஒரு வாயி மாதிரி. அதைத் தொறந்து போட்டா உப்புத்தண்ணி உள்ள கேறும். வெளிய ஒண்ணும் தெரியாது. உள்ளுக்குள்ள பட்டை பட்டையாப் பிரிஞ்சுப்போடும். எங்க பழைய வள்ளத்த எங்கயோ கொண்டு குடுத்துக் கட்டினாவ. அவிய பின்பக்கத்து வாய மூடாம பெயிண்டு அடிச்சுக் குடுத்துட்டாவ. நடுக்கடல்ல ரெண்டாப் போச்சு. தம்பி ஒரு மண்ணெண்ணக் கேனைப் பிடிச்சுக்கிட்டுக் கரைக்கு வந்தான். எனக்க மாப்பிள்ளை வரல்ல."

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னார். நானும் தடவினேன்.

"அதுக்குப் பொறவு எனக்க கை பட்ட ஒண்ணையும் நான் வாய் தொறந்து விடியதில்ல. ஒங்க கொழாயும் அப்படித்தான்."

என் கை விளிம்பிலேயே நின்றுவிட்டது. "எங்க குழாயை என்ன செஞ்சீங்க?"

"சீவினப் பொறவு நுனியில மெல்லிசா ஒரு சுத்து கண்ணாடிநூலு மேட்டு ஒட்டி, ரெசின் போட்டு மூடி, சரிவு மாறாம உரசி எடுத்து, அதுக்கு மேலதான் பெயிண்டு. அளவு மாறாதுன்னு நீங்களே பாத்தியளே?"

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

என்னை விநோதமாகப் பார்த்தார். "அரிசியக் களைஞ்சு போட்டேன்னு ஆராவது சொல்லுவாவளா சாரே?"

உடையத் தொடங்க வேண்டிய ஒரே இடத்தை, உடையவே கூடாது என்று கட்டு போட்டு மூடியிருக்கிறார். அளவு சரி, எடையில் வித்தியாசம் ஒன்றுமில்லை, மேலே ஆரஞ்சு பெயிண்ட். நானும் வேலை மெனக்கெட்டு நடுவில் அறுத்துக்கொண்டிருந்தேன்! நுனியைத் திறந்து விடவேண்டும் என்று எங்கள் வரைபடத்தில் ஒரு வார்த்தை கிடையாது. திறந்திருக்கும் ஒன்றைத் திறந்தே வை என்று எழுத எங்களுக்குத் தோன்றவில்லை, வெட்டிய இடத்தைத் திறந்து விடலாம் என்று இவருக்குத் தோன்றவில்லை.

"அந்த நுனி நொறுங்கணும் ஜெசிந்தா. நொறுங்கலைன்னா மேல உக்காந்திருக்கிற பொண்ணுக்கு முதுகு போயிடும். இப்போ ஏறப்போறா. எனக்கு உடனே போன் பேசணும்."

ஒரு கணம்தான் விழித்தார். பிறகு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, "வாங்கோ" என்று மணலில் ஓடத் தொடங்கினார். அவர் பின்னால் நானும் ஓடினேன். என் செருப்பு ஒன்று கடற்கரையிலேயே தங்கிவிட்டது.

குளச்சலில் கரண்ட் போனாலும் போகாத இணையம் எங்கே இருக்கும் என்று ஜெசிந்தாவுக்குத் தெரிந்திருந்தது. புருஷன் வளைகுடாவில் இருக்கும் வீட்டில் இன்வர்ட்டரும் கம்பி வழி இணையமும் கட்டாயம் இருக்கும். ஷைனி என்ற பெண்ணின் வீட்டுக்குள் புயல் மாதிரி நுழைந்தோம். குவைத்தில் இருக்கும் கணவரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார் ஷைனி.

"ஷைனி, வைஃபைக்க பாஸ்வேர்டு சொல்லு. ஒரு உயிரு போவப்போவுது!"

"அது எனக்கு எங்க தெரியும் அக்கா, இவியதான் போட்டாவ" என்று ஷைனி கைபேசியை எங்கள் பக்கம் திருப்பினார். சீருடையில் இருந்த ஒரு மனிதர் குவைத்திலிருந்து என்னைப் பார்த்தார். யார் என்ன என்று கேட்கவில்லை. மகளின் பெயரையும் அவள் பிறந்த நாளையும் எழுத்தெழுத்தாகச் சொன்னார். முதல் தடவை நான் ஒரு எழுத்தை விட்டுவிட்டேன். அவர் பொறுமையாக மறுபடி சொன்னார்.

மார்த்தினா எடுக்கவில்லை. விமானத்தில் ஏறுகிறவர்கள் கைபேசியை வெளியே வைத்துவிட வேண்டும். வோல்ஃப்காங்கை அழைத்தேன். நாலைந்து முறை மணி அடித்த பிறகு எடுத்தார். பின்னணியில் யாரோ, "மின்கலம் சரி. கதவு பூட்டியாயிற்று" என்று ஜெர்மனில் படித்துக்கொண்டிருந்தது கேட்டது.

"நிறுத்துங்கள். அவளை இறக்குங்கள்" என்றேன்.

"குறை இல்லை என்று நேற்று நீதானே எழுதினாய்?"

"கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதினேன். இப்போது தெரிந்துவிட்டது. சில குழாய்களின் நுனியை மூடிவிட்டிருக்கிறார்கள்."

"அழுத்திப் பார்த்தாயா?"

"இல்லை."

"வெட்டிப் பார்த்தாயா?"

"இல்லை. செய்தவரே சொன்னார்."

வோல்ஃப்காங் கெட்டவர் இல்லை. திடலில் வந்து நிற்கும் விருந்தினர்களுக்கு அவர்தான் பதில் சொல்லவேண்டும். "ஒரு ஆள் வாயால் சொன்னதை வைத்து நிறுத்தச் சொல்கிறாயா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் தமிழில் ஏதோ சொல்லிவிட்டேன். அது அச்சுக்கு ஆகாது.

அதைக் கேட்டதும் ஜெசிந்தா என் கைபேசியைத் தன் பக்கம் இழுத்தார். "நாந்தான் செஞ்சேன்னு சொல்லுங்கோ. எனக்க கையாலதான் மூடினேன். நான் மூடினது ஒடையாது. சத்தியமா ஒடையாது."

மொழிபெயர்த்தேன். பிறகு கரகரவென்று இன்னொரு குரல் வந்தது. திடல் அறையில் யாரோ என் அழைப்பை ஒலிபெருக்கியில் போட்டு, விமானத்துக்கும் கொடுத்திருந்தார்கள். மார்த்தினாவின் குரல்.

"எந்தக் குழாய்கள் என்று அந்த அம்மாவால் சொல்ல முடியுமா?"

ஜெசிந்தாவிடம் கேட்டேன். "பெயிண்டு அடிச்சப் பொறவு எனக்கே தெரியாது சாரே."

அதையும் மொழிபெயர்த்தேன்.

"அப்படியென்றால் நான் இறங்குகிறேன்" என்றாள் மார்த்தினா. பெல்ட்டின் கொக்கி விடுபடும் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

ஷைனியின் வீட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் நீர் வந்தது, அதற்கு நான் வெட்கப்படவில்லை. ஷைனி கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். ஜெசிந்தா காப்பியைத் தொடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் ஒருத்தியக் கொல்லப் பாத்தேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். படத்தில் எழுதாதது எங்கள் தவறு என்று எவ்வளவோ சொன்னேன். அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை பட்டறையில் அழுத்தும் இயந்திரத்தைச் சுற்றி எல்லோரும் நின்றோம். நுனி மூடிய குழாயை முதலில் வைத்தோம். முள் ஏறிக்கொண்டே போனது. குழாய் அசையவில்லை. பிறகு படாரென்று ஒரு சத்தம், தகரக் கூரையில் துண்டுகள் தெறித்தன. ஸ்டான்லி "கர்த்தாவே" என்றார்.

இன்னொரு குழாயில் மூடிய பகுதியை வெட்டி எறிந்து, புதிதாகச் சீவி, அப்படியே திறந்து வைத்தோம். முள் கொஞ்சம் ஏறி, ஒரு இடத்தில் நின்றது. நுனி மெல்ல மலர்ந்து, சரசரவென்று தூளாக உதிர்ந்துகொண்டே கீழே வந்தது. கடைசிவரை அதே சத்தம், முள்ளும் அதே இடத்தில். ஜெசிந்தா குனிந்து அந்தத் தூளைக் கையில் அள்ளிப் பார்த்தார்.

"இப்படி ஒடைஞ்சா ஆளு பிழைக்குமா?"

"பிழைக்கும்."

தூளைத் தட்டிவிட்டுத் தன் அறைக்குப் போனார். புதுக் குழாய் ஒன்றைச் சீவி முடித்ததும் பழக்கத்தில் அவர் கை ரெசின் டப்பாவுக்குப் போனதைக் கதவருகில் நின்று பார்த்தேன். பாதி வழியில் நின்றது. கட்டைவிரலால் அந்தத் திறந்த நுனியில் ஒரு சிலுவை வரைந்துவிட்டு, பெயிண்டை எடுத்தார். மற்ற குழாய்களுக்கும் அப்படியே செய்தார். முகத்தைப் பார்த்தால், பச்சைப் பிள்ளையைத் தெருவில் விட்டுவிட்டு வருகிறவர்போல இருந்தது. நான் வெளியே வந்து மட்டிப்பழம் தின்றேன்.

ஜெர்மனி திரும்ப விமான நிலையத்துக்குப் போகும்போது அதே கார், அதே ஓட்டுநர். சீட் உறையைப் பிளேடால் கிழித்துக் கொக்கியை வெளியே எடுத்து மாட்டிக்கொண்டேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். உறைக்குக் காசு கொடுத்தேன், வாங்க மறுத்தார்.

ஜெசிந்தா வாய் திறந்து அனுப்பிய குழாய்களை மாட்டித்தான் பிறகு மார்த்தினா பறந்தாள். பல தடவை பறந்தாள். பனி விழத் தொடங்கியிருந்த ஒரு காலையில், இறங்கும்போது ஒரு பக்கத்து விசிறிகள் நின்றுபோய், ஒரு தென்னைமர உயரத்திலிருந்து விமானம் அப்படியே விழுந்தது. நான் திடலின் ஓரத்தில் நின்றிருந்தேன். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஓடிப்போய்ச் சேர்வதற்குள் கதவு திறந்தது. மார்த்தினா தன் காலால் நடந்து வெளியே வந்து, எங்கள் எல்லோரையும் ஜெர்மனில் திட்டினாள். வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான வசவு நான் கேட்டதில்லை.

இருக்கைக்கு அடியில் குழாய்கள் நுனியிலிருந்து பாதிவரை தூளாகிக் கிடந்தன. படம் எடுத்து ஜெசிந்தாவுக்கு அனுப்பினேன். நடந்ததையும் சொன்னேன். பிறகு குரல் செய்தி ஒன்று வந்தது. பின்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது.

"அந்தப் பிள்ளைக்கு முதுகு வலி, நடுவு வலி ஒண்ணும் இல்லியே சாரே? படத்த நல்லாப் பெருசாக்கிப் பாத்தேன், தம்பிகிட்டயும் காட்டினேன். நல்லா ஒடைஞ்சிருக்கு." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அது எனக்க வேலையாக்கும்" என்றார்.